தேர் ஓடும் வீதி

திருச்சிற்றம்பலம்



ஓர் ஊரில் திருக்கோயில் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது என்று வினவினால், நம்மிற் பலர் கோபுர வாயிலைத்தான் எல்லையாகக் காட்டுவோம். மதிலுக்குள்ளே இருப்பது கோயில், மதிலுக்கு வெளியே இருப்பது ஊர் என்பது இக்காலத்து எண்ணம். நம் முன்னோர் எண்ணியது அதுவன்று. கோபுரத்தைச் சூழ்ந்த மாடவீதிகள், அவற்றிற்கு அப்பாலுள்ள தேர்வீதிகள், திருக்குளம், நந்தவனம், ஆற்றங்கரையில் நிற்கும் தீர்த்தவாரி மண்டபம், கோடைக்கென்று எடுத்த வசந்த மண்டபம் ஆகிய இவை யாவும் இறைவன் எழுந்தருளும் இடங்களே. ஆண்டு முழுதும் இவை வெறுமையாய்க் கிடப்பன போலத் தோன்றும். விழா வந்தபோது ஒவ்வொன்றும் தன் பயனைப் பெற்று விளங்கும்.

பெருவிழாவின் முறையை நோக்கினால் இவ்வுண்மை புலப்படும். கொடியேறுவதற்கு முன்னரே ஊருக்கு அமைதி வேண்டிக் கிராம சாந்தி செய்கின்றோம். தூய இடத்தில் மண்ணெடுத்து வந்து முளைப்பாலிகை இடுகின்றோம். கொடியேறிய பின் எண்டிசைக் காவலர்க்கும் பலியிடுகின்றோம். காலையும் மாலையும் பெருமான் வீதிவலம் வருகின்றார். ஒரு நாள் தேரேறுகின்றார். நிறைவு நாளில் குளத்துக்கோ ஆற்றுக்கோ கடலுக்கோ சென்று தீர்த்தம் கொடுக்கின்றார். இவ்வாறு ஊரின் எல்லை, மண், திசை, தெரு, நீர் என்னும் ஐந்தையும் விழா ஒருமுறை தொட்டுச் செல்கின்றது. நடக்கவியலாத முதியோரும், நோயுற்றோரும், ஏதோ ஒரு காரணத்தால் கோயிலின் உள்ளே வாராதோரும் காணும்படி அருளே தெருவுக்கு இறங்கி வருவதுதான் திருவுலா. அங்ஙனம் அருள் இறங்கி வரும் தெருவைக் குப்பை மேடாக வைத்திருத்தல் தகுமோ என்னும் எண்ணமே தெருவைத் தெருவாகக் காத்து வந்தது.

விழா நின்றால் ஊர் என்னாகும் என்பதைத் தமிழர் மிகப் பழங்காலத்திலேயே சிந்தித்திருக்கின்றனர். மணிமேகலை பௌத்த சமயக் காப்பியமாயினும் நாமும் அதனைப் போற்றிக் கற்கின்றோம். காவிரிப்பூம்பட்டினத்தில் இருபத்தெட்டு நாள் நிகழ்ந்த இந்திரவிழாவை அந்நூல் விரித்துரைக்கின்றது. விழாவை அறிவிக்கும் முரசறைவோன், விழா நாளையும் சிறப்பையும் சொன்னதோடு அமையவில்லை. தெருக்களையும் மன்றங்களையும் எவ்வாறு துப்புரவு செய்து அணிசெய்தல் வேண்டும் என்பதையும் ஒவ்வொன்றாக எடுத்து மொழிகின்றான். விழா என்பது இறைவழிபாடு. அதுவே ஊர்ப்பணியும் ஆம். பின்னொரு நாள் சோழ மன்னன் தன் மகவை இழந்த துயரால் அவ்விழாவை மறந்தான் என்றும், நகரைக் கடல் கொண்டது என்றும் அக்காப்பியம் கூறுகின்றது. கடல்கோளின் காரணத்தை இன்றைய ஆராய்ச்சியாளர் வேறுவகையாகக் காண்பர். எனினும் விழா மறந்த ஊர் அழிவுக்கு இலக்காகும் என்னும் கருத்து அன்றே மக்கள் உள்ளத்தில் வேரூன்றியிருந்தது என்பதில் ஐயமில்லை.

இனி நம் அருளாளர் வரலாற்றைக் காண்போம். திருஞானசம்பந்தப் பெருமான் திருமயிலையில் அருளிய பூம்பாவைத் திருப்பதிகம் நீங்கள் அனைவரும் அறிந்தது. அரவு தீண்டி இறந்த பெண்ணின் எலும்பை நோக்கிப் பிள்ளையார் பாடுகின்றார். என்ன சொல்லி அவளை அழைக்கின்றார்? ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, மார்கழி ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என ஊரில் நிகழும் விழாக்களை வரிசையாகச் சொல்லி, இவற்றைக் காணாமலே போவாயோ என்று கேட்கின்றார். மீண்டு வந்து வாழ்தற்குரிய காரணமாக அவர் காட்டியவை ஊர்த் திருவிழாக்களே. எலும்பு உயிர்பெற்றது. ஓர் ஊருக்கு எலும்பாவன தெருவும் குளமும் மண்டபமும் எனக் கொள்வோமாயின், அவற்றை எழுப்பும் உயிர் விழாவென்பது தானே விளங்கும்.

அப்பர் பெருமானோ கையில் உழவாரப் படை ஏந்தியவர். பாட்டால் தொண்டு செய்த அளவில் நில்லாமல், புல்லைச் செதுக்கிக் கோயில் வெளியைத் தூய்மை செய்தவர். திருவாரூர்த் திருவாதிரை விழாவின் பெருமையை ஒரு பதிகமாகவே பாடினவரும் அவரே. ஒரு கையில் விழாவின் பாட்டு, மறு கையில் உழவாரம். இவ்விரண்டும் பிரியாதவை என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

அத் திருவாரூரிலேயே தண்டியடிகள் நாயனார் வாழ்ந்தார். கண்ணொளி இல்லாதவர். பூங்கோயிலின் மேற்கே உள்ள திருக்குளம், அயலார் இடங்கள் பெருகியதனால் இடம் குறைந்து தூர்ந்திருந்தது. நாயனார் குளத்தின் நடுவே ஒரு கோலும் கரையில் ஒரு கோலும் நட்டுக் கயிறு கட்டி, அக்கயிற்றைத் தடவிக்கொண்டே இறங்கி மண்ணைத் தோண்டிக் கொணர்ந்து கரையில் கொட்டினார் என்று சேக்கிழார் பெருமான் பாடுகின்றார். கண் இல்லாத ஒருவர்க்குத் தெரிந்த குறை, கண் உடைய ஊராருக்குத் தெரியவில்லை. இன்று கமலாலயம் என்று நாம் வணங்கும் குளம் அதுவே. கோயில், குளம், செங்கழுநீர் ஓடை ஆகிய மூன்றும் தனித்தனி ஐந்து வேலிப் பரப்பு என்பது திருவாரூர் வழக்கு. கோயிலுக்கு எவ்வளவு நிலமோ அவ்வளவு நிலம் நீருக்கும் அளித்தனர் என்பதை இவ்வழக்கு உணர்த்துகின்றது.

சோழப் பேரரசு ஓங்கிய காலத்தில் விழாவும் வெளியும் கொண்ட இவ்வுறவு கல்லிலேயே எழுதப்பட்டது. தஞ்சை இராசராசேச்சுரக் கல்வெட்டுகளைக் காண்க. இராசராச சோழர் பல ஊர்த் தளிகளினின்றும் நானூறு தளிச்சேரிப் பெண்டுகளைக் கொணர்ந்து, கோயிலைச் சுற்றித் தெருக்கள் அமைத்துக் குடியேற்றினார். எந்தத் தெரு, அதில் எந்தச் சிறகு, எத்தனையாம் வீடு, அவ்வீட்டில் வாழ்பவர் பெயர் யாது, எந்த ஊரினின்று வந்தவர் என்பன அனைத்தும் அக்கல்வெட்டில் உள. ஒவ்வொருவர்க்கும் ஆண்டுக்கு நூறு கலம் நெல் பங்காக வகுக்கப்பட்டது. பின்னர், இரண்டாம் இராசேந்திரர் காலத்தில், வைகாசிப் பெருவிழாவில் இராசராசேச்சுர நாடகம் ஆடுதற்கென்று சாந்திக் கூத்தன் ஒருவனுக்கு ஆண்டுதோறும் நூற்றிருபது கலம் நெல் அளிக்கப்பட்டது. விழா வேண்டும் என்று ஆணையிட்டுவிட்டு அரசர் அகன்றுவிடவில்லை. விழாவை நடத்துவோருக்கு வீடு, வீட்டுக்குத் தெரு, வயிற்றுக்கு நெல், நெல்லுக்கு நிலம் என்று சங்கிலிபோல் பிணைத்து வைத்தனர். இச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் மற்றவை தாமே கழன்றுவிடும். பிற்காலத்தில் நேர்ந்தது அதுவே. நிலத்தின் வருவாய் குன்றியது, நெல் நின்றது, ஆடுவோரும் ஊதுவோரும் ஊர்விட்டு நீங்கினர், விழா சுருங்கியது, வெளிகள் வெறிச்சோடின.

அத்தஞ்சைப் பெருவுடையார் கோயிலில் ஏறத்தாழ நூறு ஆண்டுகள் தேரோட்டமே நிகழவில்லை. தேர்வீதிகள் இருந்தன; தேர் இல்லை. புதிய தேர் செய்யப்பெற்று, 2015ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள் சித்திரைப் பெருவிழாவில் வீதிவலம் வந்தது. பாட்டன் காலத்தில் ஓடியது என்று கேள்வியுற்றிருந்ததைப் பேரன் கண்ணாரக் கண்டான். அன்றுவரை கடைத்தெருவாக மட்டும் இருந்த வீதி, அன்று தன் பழம்பெயருக்குரிய பொருளை மீண்டும் பெற்றது.

தேரோட்டத்தின் பயனை முற்றும் அறிய வேண்டின் திருவாரூருக்கே திரும்புதல் வேண்டும். ஆழித்தேர் அலங்காரத்தோடு 96 அடி உயரமும் ஏறத்தாழ 300 டன் எடையும் உடையது. முற்காலத் தேர் 1920களில் தீக்கிரையாயிற்று. புதிதாகச் செய்த தேரும் 1948ஆம் ஆண்டிற்குப் பின் நிலையிலேயே நின்றுவிட்டது. இருபது ஆண்டுகளுக்கு மேல் வடம் பிடிப்பார் இல்லை. 1970ஆம் ஆண்டில் அரசும் ஊர்ப்பெருமக்களும் கூடி அதனை மீண்டும் ஓடச் செய்தனர். பின்னர்த் திருச்சிராப்பள்ளிப் பாரத மிகுமின் நிறுவனத்தாரின் உதவியால் இரும்புச் சக்கரங்களும் நீரழுத்த விசையால் இயங்கும் தடைக்கருவியும் பொருத்தப்பெற்றன. 2010ஆம் ஆண்டிற்குப் பின் மரவேலைகளைப் புதுக்கும் பொருட்டு மறுபடியும் நின்ற தேர், 2015 அக்டோபரில் வெள்ளோட்டம் கண்டு, பின் விழாக்களில் உலா வருகின்றது.

தேர் ஓடுவதற்கு முன் ஊர் என்ன செய்கின்றது என்பதைக் கூர்ந்து நோக்குக. நான்கு வீதிகளிலும் சாலையின் பள்ளம் மேடு சமன் செய்யப்படுகின்றன. வடிகாலின் மேல்மூடி தேரின் பாரத்தைத் தாங்குமா என்று பார்க்கின்றனர். குறுக்கே செல்லும் மின்கம்பிகளைக் கழற்றுகின்றனர். தெருவுக்குள் நீண்டு வந்த கீற்றும் தகரமும் உள்ளே இழுத்துக்கொள்ளப்படுகின்றன. முட்டுக்கட்டை போடும் பணியாளர் திருப்பங்களை முன்னரே வந்து பார்த்துக்கொள்கின்றனர். எந்த அலுவலகத்து அளவு நூலும் செய்யமுடியாததைத் தேர் செய்துவிடுகின்றது. காரணம் எளிது. தேர் வளையாது, தெருத்தான் வழிவிட வேண்டும். நம் முன்னோர் தெருவை அமைத்துவிட்டுத் தேரை அதற்கேற்பச் செய்யவில்லை. தேர் திரும்புதற்கு எவ்வளவு இடம் வேண்டுமோ அவ்வளவு அகலத்தில் தெருவை வகுத்தனர். ஆகவே தேர் என்பது தெருவை அளக்கும் கோல். ஆண்டுக்கொருமுறை அக்கோலை வைத்து அளந்தவரையில் தெரு குறுகவில்லை. தேர் நிலையில் நின்றுவிட்ட ஊர்களிலோ முதலில் ஒரு திண்ணை வெளியே வந்தது. பின் ஒரு படி. பின் ஒரு சுவர். தேரை மீண்டும் ஓட்டலாம் என்று எண்ணியபோது ஓடத் தெரு இல்லை.

தேர் தெருவை அளப்பது போலத் தெப்பம் குளத்தை அளக்கும். மதுரை வண்டியூர்த் தெப்பக்குளத்தை நினைவு கூர்வோம். திருமலை நாயக்க மன்னர் 17ஆம் நூற்றாண்டில் வெட்டுவித்த அக்குளத்தில், தைப்பூச நாளில் அன்னை மீனாட்சியும் சொக்கநாதரும் தெப்பமேறி மைய மண்டபத்தைச் சுற்றி வருதல் மரபு. வைகையினின்று கால்வாய் வழியே நீர் வருமாறு குளம் அமைக்கப்பட்டது. ஆற்றில் நீர் குன்றிக் கால்வாயும் தூர்ந்தபின் குளம் வறண்டது. சிறுவர் அதனுள் மட்டைப்பந்து ஆடினர். தெப்பவிழா மட்டும் நிற்கவில்லை. கட்டாந்தரையிலே தெப்பத்தை நிறுத்தி, நிலைத்தெப்பம் என்று பெயரிட்டுச் சடங்கை முடித்தனர். இதனை ஆழ்ந்து எண்ணுதல் வேண்டும். நீரில்லாக் குளத்தில் நிலைத்தெப்பம் நிகழும் வரையில், விழா நடந்துவிட்டது என்று மனம் ஆறுதல் கொள்கின்றது. கால்வாய் யார் நினைவுக்கும் வருவதில்லை. தெப்பம் மிதக்கவே வேண்டும் என்று மக்கள் ஏங்கிக் கேட்டபோதுதான் கால்வாய்மேல் கவனம் சென்றது. அண்மை ஆண்டுகளில் வைகை நீர் கால்வாய் வழியே மீண்டும் குளத்தை அடைந்தது, தெப்பமும் மிதந்தது. குளம் நிறைந்தால் சுற்றுப்புறத்துக் கிணறுகளில் நிலத்தடி நீர் உயரும். விழாவின் பயன் அடியார்க்கு மட்டுமன்று, அண்டை வீட்டாரின் குடத்துக்கும் உண்டு.

அம்மதுரையிலேயே புதுமண்டபம் உளது. கீழைக்கோபுரத்துக்கு எதிரே, வசந்த விழாவுக்கென்று அதே மன்னர் எடுப்பித்தது. வெப்பம் தணிய மண்டபத்தைச் சுற்றி நீர் நிற்கும் அகழ் போன்ற அமைப்பும் வைத்தனர். காலப்போக்கில் தையற்காரரும், பாத்திரம் விற்போரும், புத்தகம் விற்போரும் அதனுள் இடம்பெற்றனர். சிற்பத் தூண்களின் இடையே தையற்பொறிகள் ஓடின. 2020க்குப் பின் வந்த ஆண்டுகளில் அக்கடைகள் அருகிலுள்ள குன்னத்தூர்ச் சத்திரத்துக்கு மாற்றப்பட்டன. இங்கே நாம் ஒன்றை நடுநிலையோடு சொல்லுதல் வேண்டும். அங்கே தைத்தவர்கள் பகைவர் அல்லர். தெய்வத் திருவுருவங்களுக்கு ஆடை தைத்தவரும், பக்தி நூல் விற்றவரும் அவரிடையே இருந்தனர். பலர்க்கு அது தலைமுறைத் தொழில். வெளியை மீட்கும்போது அங்கு வாழ்ந்தவர்க்கு வேறிடம் காட்டாமல் மீட்பது அறமாகாது. மாற்றிடம் தந்தபின்னும் அவர் பிழைப்பு தழைக்கின்றதா என்று பார்த்தல் நம் கடமை. கடைகள் நீங்கிய மண்டபத்தில் விழா பொலியாவிடின், ஒரு பயனை அழித்து மறு பயனைப் பெறாதவர் ஆவோம்.

புதிய விழாக்களும் பழைய வெளிகளுக்கு உயிரூட்டியதுண்டு. தில்லையில் 1981ஆம் ஆண்டில் சிவராத்திரியை ஒட்டித் தொடங்கப்பெற்ற நாட்டியாஞ்சலி அத்தகையது. ஆடல்வல்லான் திருமுன் ஆடல் மீண்டும் நிகழ வேண்டும் என்னும் கருத்தில் எழுந்த அவ்விழா, பின்னர்ப் பிற தலங்களுக்கும் பரவியது. கல்லில் நின்று ஆடும் கரணச் சிற்பங்களின் முன்னே உயிருள்ள கால்கள் மீண்டும் சதங்கை கட்டின.

இவ்வளவும் கேட்டபின், விழா எடுத்துவிட்டால் எல்லாம் நலமாகும் என்று எண்ணிவிடலாகாது. விழா வெளியை வாழ்விக்க வேண்டுமாயின் இரண்டு நெறிகளைக் காத்தல் வேண்டும்.

முதலாவது, வடம் எல்லார்க்கும் உரியதாதல். சிவகங்கை மாவட்டத்துக் கண்டதேவித் தேர், வடம் பிடிக்கும் உரிமை பற்றி 1998இல் எழுந்த பூசலால் நின்றது. பின் சில ஆண்டுகள் காவலரின் பாதுகாப்போடு ஓடி, மறுபடியும் நெடுநாள் நின்று, 2024 ஜூன் திங்களில்தான் நீதிமன்றத்தின் கண்காணிப்பில் ஓடிற்று. தேர் நின்றது மரம் உளுத்ததால் மட்டுமன்று. மனம் உளுத்ததாலும் ஆம். திருவாரூரில் பிறந்தார் எல்லார்க்கும் அடியேன் என்று திருத்தொண்டத் தொகையிலே சுந்தரர் பணிந்தார். குயவரையும் வேடரையும் வண்ணாரையும் பாணரையும் ஒரே வரிசையில் வைத்து வணங்கும் சமயம் நம்முடையது. அச்சமயத்தின் தேர்வடத்தில் ஒருவன் கை படலாம், மற்றொருவன் கை படலாகாது என்று சொல்வது, அறுபத்துமூவரையும் ஒருங்கே அவமதிப்பதாகும். ஊரில் ஒரு பகுதியாரை விலக்கிவிட்டு ஓடும் தேர் வீதியைக் கடக்கலாம், வீதியை வாழ்விக்காது.

இரண்டாவது, உயிர்க்காப்பு. 2022ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் விடியற்பொழுதில், தஞ்சையை அடுத்த களிமேட்டில் அப்பர் பெருமானின் சதய விழாத் தேர் உயர் மின்னழுத்தக் கம்பியில் பட்டு, 11 பேர் உயிர் நீத்தனர். அவருள் சிறுவரும் இருந்தனர். உழவாரம் ஏந்தி வழியைச் செப்பம் செய்த பெருமானின் விழாவிலேயே வழி செப்பமின்றி உயிர்கள் போயின என்பதை எண்ணுந்தோறும் நெஞ்சம் நடுங்குகின்றது. 1992ஆம் ஆண்டு கும்பகோண மகாமகத்தில் நெரிசலில் பலர் மாண்டதையும் நாடு மறக்கவில்லை. இனி வரும் மகாமகம் 2028இல். தெரு உயர்ந்திருக்கின்றதா, கம்பி தாழ்ந்திருக்கின்றதா, கூட்டம் நுழையவும் வெளியேறவும் தனித்தனி வழி உண்டா என்று முன்னரே ஆராய்தல் பூசையின் ஓர் அங்கம் எனக் கொள்க. கொடியேற்றத்துக்கு முன் செய்யும் கிராம சாந்தியின் பொருளும் இதுவே: விழா தொடங்குமுன் ஊருக்குத் தீங்கு நேராவண்ணம் காத்தல்.

அன்பர்களே! பெரிய தலங்களைப் பற்றியே பேசினோம். உங்கள் ஊரை நினைத்துப் பாருங்கள். ஆற்றங்கரையில் தூண் சாய்ந்த தீர்த்தவாரி மண்டபம் ஒன்று இருக்கும். ஆகாயத்தாமரை மூடிய குளம் ஒன்று இருக்கும். வண்டிகள் நிறுத்தும் கொட்டிலாகிவிட்ட நாற்கால் மண்டபம் ஒன்று இருக்கும். அவற்றைப் பழுதுபார்க்கப் பெரும்பொருள் வேண்டும் என்று காத்திராதீர். முதலில் அங்கே ஒரு நாள் விழாவைக் கொண்டு செல்லுங்கள். அன்று காலை உழவாரத் திருக்கூட்டம் கூடட்டும். மாலையில் உற்சவர் எழுந்தருளட்டும். ஓதுவார் பாடட்டும். சிறுவர்க்குச் சுண்டல் வழங்குங்கள். அவர்களே அடுத்த ஆண்டு நாளை எண்ணிக் காத்திருப்பர். ஒரு முறை இறைவன் அமர்ந்த இடத்தில் மறுநாள் குப்பை கொட்ட ஊராரின் கை கூசும். அக்கூச்சமே வேலி. விழா முடிந்த மறுநாள் வாழைமட்டையையும் இலையையும் அகற்றுவதற்கும் ஆள் வகுத்துக்கொள்ளுங்கள். விழாவே இடத்தைப் பாழாக்கிற்று என்னும் பழி நமக்கு வேண்டா.

கண்ணொளி இல்லாத தண்டியடிகள் கயிற்றைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு கூடையாக மண் சுமந்தார். நமக்குக் கண்ணும் உண்டு. சுமக்கத் தோள்களும் பலவுண்டு. தேர்வடத்தைப் பற்றும் கைகள் உழவாரத்தையும் பற்றுமாயின் நம் ஊர் வீதிகள் மீண்டும் விழாக்கோலம் கொள்ளும். அதற்குத் தியாகேசப் பெருமான் திருவருள் துணை நிற்பதாக.

திருச்சிற்றம்பலம்